கேமரா கார்டிலிருந்து லேப்டாப்புக்கு வீடியோவை எடுப்பது எப்படி?

கார்டை லேப்டாப்பில் செருகினோம், வேண்டிய நாலு கிளிப்பை டெஸ்க்டாப்புக்கு இழுத்துப் போட்டோம், கார்டை ஃபார்மட் செய்தோம் என்று சுலபமாக முடிகிற வேலைபோலத்தான் தெரியும். பெரும்பாலும் அப்படியே முடிந்தும்விடும். சொதப்புகிற அன்றைக்கு மட்டும் அது யாராவது வீட்டுக் கல்யாணமாக இருக்கும். தாலி கட்டியதை மறுபடி எடுக்க முடியாது.

புதிதாக வீடியோ எடுக்கத் தொடங்கியவர்களுக்காக, விண்டோஸ் லேப்டாப்பை வைத்து இதை எழுதுகிறேன். மேக் வைத்திருந்தாலும் வரிசை இதேதான். மாறுகிற முக்கியமான ஓரிடத்தை நடுவில் சொல்கிறேன்.

1. கார்டு ரீடர் ஒன்று வாங்குங்கள்

கேமராவையே கேபிளில் இணைத்தும் காப்பி செய்யலாம். ஆனால் பாதியில் கேமரா பேட்டரி தீர்ந்துபோனால் காப்பியும் நின்றுவிடும். பல கேமராக்களின் யுஎஸ்பி இணைப்பு மெதுவானதும்கூட.

வேகம் ஏன் முக்கியம் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 4கே வீடியோவை நொடிக்கு 100 மெகாபிட் (எட்டு மெகாபிட் சேர்ந்தால் ஒரு எம்பி) அளவில் எடுத்தால், ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி ஆகும். யுஎஸ்பி 2.0 ரீடரில் நடைமுறையில் நொடிக்கு 30 முதல் 40 எம்பிதான் போகும், ஆகவே 19 முதல் 25 நிமிடம் வரை காத்திருக்க வேண்டும். நல்ல கார்டும் யுஎஸ்பி 3.0 ரீடரும் இருந்தால் பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ரீடர் 3.0ஆக இருந்தாலும் லேப்டாப்பில் பழைய போர்ட்டில் செருகினால் பழைய வேகம்தான். உள்ளே நீல நிறம் இருக்கிற போர்ட்டைத் தேடுங்கள். எல்லா லேப்டாப்பிலும் நிறம் இருக்காது.

2. கார்டை எடுத்ததும் லாக் போடுங்கள்

கேமராவை அணைத்து, கார்டு விளக்கு சிமிட்டுவது நின்ற பிறகே கார்டை வெளியே எடுங்கள். எஸ்டி கார்டைப் பெயர் தெரியும்படி நேராகப் பிடித்தால் இடது ஓரத்தில் சின்னத் தாழ்ப்பாள் ஒன்று இருக்கும். அதைக் கீழே தள்ளிவிட்டால், பெரும்பாலான ரீடர்களில் லேப்டாப்பால் கார்டில் எதையும் அழிக்கவோ எழுதவோ முடியாது. மைக்ரோ எஸ்டி கார்டில் இது இல்லை, ஆனால் அதைப் போட்டுச் செருகுகிற அடாப்டரில் இருக்கும். வேலை முடிந்ததும் லாக்கை மேலே தள்ளிவிட மறக்காதீர்கள், இல்லையென்றால் அடுத்த நாள் மண்டபத்தில் நின்றுகொண்டு கேமரா ஏன் ரெக்கார்டு ஆகவில்லை என்று முழிக்க வேண்டியிருக்கும்.

செருகியதும் விண்டோஸ் சில சமயம் "டிஸ்க்கை ஃபார்மட் செய்ய வேண்டும்" என்று கேட்கும். எந்தக் காரணத்துக்கும் சரி என்று அழுத்தாதீர்கள். கேன்சல் கொடுத்துவிட்டு வேறு ரீடரில் போட்டுப் பாருங்கள். 32 ஜிபி கார்டு வரை மட்டுமே படிக்கத் தெரிந்த பழைய ரீடரில் 64 ஜிபி கார்டைப் போட்டால்கூட இப்படி ஆகலாம். "ஸ்கேன் செய்து சரிசெய்யவா" என்று கேட்டால் அதையும் இப்போதைக்குத் தவிர்த்துவிடுங்கள். முதலில் காப்பி, ரிப்பேர் எல்லாம் அப்புறம்.

3. கார்டுக்கு ஒரு ஃபோல்டர்

லேப்டாப்பில் போதுமான இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, நிகழ்ச்சியின் பெயரில் ஒரு ஃபோல்டர் போடுங்கள். தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் முன்னால் வைத்தால் ஃபோல்டர்கள் தாமாகவே காலவரிசையில் நிற்கும்: 2025-06-08, பிறகு நிகழ்ச்சி. அதற்குள் கேமரா 1 கார்டு 1, கேமரா 1 கார்டு 2 என்று கார்டுக்கு ஒன்றாகத் தனித்தனி ஃபோல்டர்.

இந்தப் பிரிப்பு வெறும் ஒழுங்குக்காக இல்லை. கார்டை ஃபார்மட் செய்ததும் பல கேமராக்கள் எண்ணை மறுபடி முதலிலிருந்து தொடங்கும். காலையில் எடுத்த முதல் கிளிப்பும் சி0001, மாலை வரவேற்பில் எடுத்த முதல் கிளிப்பும் சி0001. இரண்டையும் ஒரே ஃபோல்டரில் போட்டால் விண்டோஸ் "ரீப்ளேஸ் செய்யவா" என்று கேட்கும். தூக்கக் கலக்கத்தில் ஒரு கிளிக், காலை முகூர்த்தம் காணாமல் போய்விடும்.

4. முழுக் கார்டையும் அப்படியே காப்பி செய்யுங்கள்

இந்தப் பதிவில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் பிடித்துக்கொள்வதானால் இதைப் பிடித்துக்கொள்ளுங்கள். கார்டைத் திறந்து, உள்ளே இருக்கிற எல்லா ஃபோல்டரையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து (கன்ட்ரோல் + ஏ), காப்பி செய்து (கன்ட்ரோல் + சி), லேப்டாப் ஃபோல்டரில் பேஸ்ட் செய்யுங்கள் (கன்ட்ரோல் + வி). கட் வேண்டாம். கிளிப்பைப் பொறுக்கி எடுக்கவும் வேண்டாம்.

காரணம், கார்டுக்குள் வீடியோ எங்கே இருக்கிறது என்பதே முதலில் குழப்பம். சோனி கேமராவில் எடுத்த எம்பி4 வீடியோக்கள் பிரைவேட், அதற்குள் எம்4ரூட், அதற்குள் கிளிப் என்ற ஃபோல்டரில் இருக்கும். டிசிஐஎம் ஃபோல்டரை மட்டும் திறந்து பார்ப்பவர், போட்டோ மட்டும்தான் இருக்கிறது, வீடியோ எல்லாம் போய்விட்டது என்று பதறிவிடுவார். கோப்ரோ ஆக்‌ஷன் கேமராவிலோ அந்த டிசிஐஎம் ஃபோல்டருக்குள்ளேயே வீடியோவும் இருக்கும்.

இன்னொரு காரணம் பழைய ஹேண்டிகேம் வகைக் கேமராக்களில் வரும். ஏவிசிஎச்டி என்பது சோனியும் பானசோனிக்கும் 2006ல் கொண்டுவந்த வீடியோ வடிவம், இன்றும் ஊர்ப்பக்கம் நிறையக் கேமராக்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. இதில் வீடியோக்கள் எம்டிஎஸ் ஃபைல்களாக ஸ்ட்ரீம் என்ற ஃபோல்டரில் இருக்கும். 32 ஜிபி வரையிலான கார்டுகளின் ஃபேட்32 அமைப்பில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. அதனால் நீளமாக எடுத்தால் கேமரா தானாகவே துண்டு போடும். சில கேமராக்கள் 2 ஜிபியிலேயே வெட்டிவிடும். நொடிக்கு 24 மெகாபிட் தரத்தில் எடுத்தால் சுமார் பதினோரு நிமிடத்துக்கு ஒரு துண்டு. அந்த எம்டிஎஸ் ஃபைல்களை மட்டும் எடுத்து எடிட்டிங் மென்பொருளின் டைம்லைனில் வரிசையாக வைத்தால், ஒட்டும் இடத்தில் ஒலி ஒரு கணம் விட்டுப்போகலாம். நாதஸ்வரம் நீட்டி வாசித்துக்கொண்டிருக்கும்போது அந்த ஒரு கணம் நன்றாகவே கேட்கும். எந்தத் துண்டுக்குப் பின் எது என்ற தகவல் பக்கத்து ஃபோல்டர்களில் இருக்கிறது. முழு அமைப்பும் இருந்தால் பிரீமியர் புரோ என்ற எடிட்டிங் மென்பொருளின் மீடியா பிரவுசர் வழியாக இம்போர்ட் செய்யும்போது துண்டுகள் ஒரே கிளிப்பாக வந்துவிடும்.

மேக்கில் இந்த ஏவிசிஎச்டி ஃபோல்டர் ஒற்றை ஃபைல்போலத் தெரியும். உள்ளே பார்க்க வேண்டுமானால் ரைட் கிளிக் செய்து "ஷோ பேக்கேஜ் கன்டென்ட்ஸ்" கொடுக்கலாம். காப்பிக்கு அது தேவையில்லை, அப்படியே எடுத்துவிடுங்கள்.

கோப்ரோவும் துண்டு போடும். ஜிஎக்ஸ்010023 என்பதன் அடுத்த துண்டு ஜிஎக்ஸ்020023. முன்னால் இருப்பது துண்டின் எண், பின்னால் இருப்பது கிளிப்பின் எண். பெயர்வரிசையில் பார்த்தால் முதல் துண்டுகளெல்லாம் ஒன்றாக நின்று குழப்பும்.

5. சரிபார்த்துவிட்டு, இன்னொரு காப்பி

கார்டில் உள்ள எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ். லேப்டாப் ஃபோல்டரிலும் அதேபோல். ஃபைல் எண்ணிக்கையும் பைட் அளவும் ஒத்துப்போக வேண்டும். "சைஸ் ஆன் டிஸ்க்" என்ற வரி மாறலாம், அதை விட்டுவிடுங்கள்.

எண்ணிக்கை சரியாக இருந்தாலும் கொஞ்சம் ஓட்டியும் பாருங்கள். முதல் கிளிப், கடைசி கிளிப், இருப்பதிலேயே நீளமான கிளிப்பின் கடைசி நிமிடம். எம்டிஎஸ் ஃபைல் திறக்கவில்லை என்றால் விஎல்சி பிளேயரில் திறக்கும்.

பிறகு அதே ஃபோல்டரை ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்கிலும் போடுங்கள். இரண்டு இடத்தில் வந்த பிறகு கார்டை எஜெக்ட் செய்து எடுத்து, கேமராவில் போட்டு, கேமராவின் மெனுவிலேயே ஃபார்மட் செய்யுங்கள். லேப்டாப்பில் ஃபார்மட் செய்யாதீர்கள். கேமராவுக்குத் தேவையான ஃபோல்டர்களைக் கேமராதான் போட்டுக்கொள்ளும்.

தவறி முன்பே அழித்துவிட்டால் அந்தக் கார்டில் அதன்பின் ஒரு நொடிகூட ரெக்கார்டு செய்யக் கூடாது. ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளால் பலவற்றை மீட்கலாம். பெரிய வீடியோக்கள் முழுசாகத் திரும்பும் என்று மட்டும் நம்பிவிட முடியாது.

6. எடிட்டிங்குக்குள்

லேப்டாப்பில் உள்ள ஃபோல்டரிலிருந்து இம்போர்ட் செய்யுங்கள், கார்டிலிருந்து நேரடியாக வேண்டாம். எடிட்டிங் தொடங்கிய பின் ஃபைலின் பெயரையோ இடத்தையோ மாற்றினால் டைம்லைன் முழுக்கச் சிவப்பாக "மீடியா ஆஃப்லைன்" என்று வந்து நிற்கும்.

4கே வீடியோ திக்கித் திக்கி ஓடினால் லேப்டாப்பை மாற்ற ஓடாதீர்கள். டாவின்சி ரிசால்வ், பிரீமியர் இரண்டிலும் பிராக்ஸி போடும் வசதி இருக்கிறது. சின்ன அளவிலான நகலை வைத்து எடிட் செய்யலாம். எக்ஸ்போர்ட்டின்போது மென்பொருள் ஒரிஜினலைத்தான் எடுத்துக்கொள்ளும், ஆகவே ஒரிஜினல் இருக்கும் டிஸ்க் அந்த நேரத்தில் இணைந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.