‘வெறும் இலைதான் சார்’: கஞ்சா, ஹெம்ப் விஷயத்தில் தமிழ்நாட்டில் சறுக்கும் இடங்கள்

“வெறும் இலைதான் சார், பூவே இல்லை.” கஞ்சா வழக்கில் மாட்டிய பையனின் அப்பா முதலில் சொல்வது பெரும்பாலும் இதுதான். யாரோ சொல்லிக்கொடுத்தது. பாதி உண்மையும்கூட. 1985-ஆம் ஆண்டின் மத்திய அரசுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டமான என்.டி.பி.எஸ். சட்டப்படி, கஞ்சா என்பது செடியின் பூத்த அல்லது காய்த்த நுனி. நுனி சேராத தனி இலையும் விதையும் அந்த வரையறைக்குள் வராது. வாரணாசியில் உரிமத்தோடு பாங் (கஞ்சா இலையை அரைத்துச் செய்வது) கடை நடப்பது இந்தச் சந்துக்குள்தான்.

ஆனால் தமிழ்நாட்டில் 1937-இன் மதுவிலக்குச் சட்டம் தனியாக இருக்கிறது. அது இலை, சிறு காம்பு, பாங் எல்லாவற்றையும் சேர்த்தே போதைப்பொருள் என்கிறது. வாரணாசிக் கடையில் பில் போட்டு வாங்கிய பாங் உருண்டை, ரயிலில் சென்னை வந்து இறங்கும்போது குற்றமாகிவிடும். அப்புறம், பொட்டலத்தில் நாலு பூநுனி கலந்திருந்தாலே இலையைத் தனியாகப் பிரித்துக் காட்டும் வாதம் நிற்பது கஷ்டம்.

‘ஒரு கிலோவுக்குள் இருந்தால் கேஸே இல்லை’ என்பது அடுத்த கதை. கேஸ் உண்டு. என்.டி.பி.எஸ். சட்டப்படி, ஒரு கிலோவுக்குக் குறைவு என்றால் ‘சிறிய அளவு’. அதற்கு ஓராண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஒரு கிலோவிலிருந்து 20 கிலோ வரை என்றால் பத்தாண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு கணக்கு: குறைந்தது பத்து, அதிகம் இருபது ஆண்டு. ஜாமீனும் லேசில் கிடைக்காது, 37-ஆவது பிரிவு குறுக்கே நிற்கும். கஞ்சாச் செடியின் பிசினான சரஸுக்குத் தராசே வேறு. அதில் 100 கிராமுக்குக் குறைவுதான் சிறிய அளவு, ஒரு கிலோவைத் தாண்டினாலே வணிக அளவு. கலப்படப் பொருளைக் கழித்துவிட்டு எடை போடச் சொல்லலாம் என்று நம்புகிறவர்களும் உண்டு. கலவையின் மொத்த எடைதான் கணக்கு என்று 2020-இல் ஹீரா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

எனக்கு எப்போதும் விசித்திரமாகப் படுவது மொட்டைமாடித் தொட்டி. பையில் முக்கால் கிலோ வைத்திருந்தவருக்கு அதிகபட்சம் ஓராண்டு. ரோஜாத் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரே ஒரு செடி வளர்த்தவருக்குப் பத்தாண்டு வரை போகலாம். காரணம், பயிரிடுவதற்கான தண்டனையில் சிறிது, பெரிது என்ற படிநிலையே இல்லை. ‘ஒண்ணே ஒண்ணுதானே, அழகுக்கு வச்சேன்’ என்பது அங்கே உதவாது.

ஹெம்ப் பக்கம் வருவோம். இங்கே குழப்பத்துக்குப் பாதிக் காரணம் நம் மொழிபெயர்ப்பு. ஹெம்ப் என்றதும் ‘சணல்’ என்று எழுதிவிடுகிறோம். மளிகைக்கடைச் சணல் சாக்கு வேறு செடி. வயலில் மடக்கி உழுகிற, மஞ்சள் பூப் பூக்கும் சணப்பு இன்னொரு செடி. விதை மூட்டையில் ‘சன் ஹெம்ப்’ என்று போட்டிருந்தாலும் அதற்கும் கஞ்சாவுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. நார், விதைக்காக வளர்க்கும் இண்டஸ்ட்ரியல் ஹெம்ப் மட்டும் கஞ்சா இனமே, போதை குறைவு, அவ்வளவுதான். அதை வளர்க்க என்.டி.பி.எஸ். சட்டத்தின் 14-ஆவது பிரிவின்கீழ் அரசின் அனுமதி வேண்டும். உத்தரகண்ட் 2018-இல் அப்படி உரிமம் தந்தது. அந்த உரிமம் அந்த மலைகளுக்குத்தான். அதன் நகலைக் காட்டி ஒருவர் விதை விற்றார் என்பதற்காகத் தேனியில் விதைக்க முடியாது.

சரி, ஹெம்ப் விதையைச் சாப்பிடலாமா? சாப்பிடலாம். விதை, விதை எண்ணெய், விதை மாவு மூன்றையும் 2021-இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உணவாக ஏற்றுக்கொண்டது. விதையில் போதை தரும் பொருளான டி.எச்.சி. கிலோவுக்கு 5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது, எண்ணெயில் 10. பாக்கெட்டைத் திருப்பி ஆணையத்தின் உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள். ‘ரிலாக்ஸ் ஆகலாம்’, ‘கிக்’ என்று விளம்பரம் செய்தால் அது விதை வியாபாரம் இல்லை, கீழே வைத்துவிடுங்கள்.

இலைச்சாறு சேர்ந்த சி.பி.டி. (கஞ்சாச் செடியில் உள்ள, போதை தராத இன்னொரு பொருள்) எண்ணெய் இந்தக் கணக்கில் வராது. அது ‘விஜயா’ என்ற பெயரில் ஆயுர்வேத மருந்தாக உரிமம் பெற்று, மருத்துவர் மேற்பார்வையில் சாப்பிட வேண்டியது. பயணத்தில் எடுத்துப்போகிறவர்கள் பாட்டிலை மட்டும் பையில் போட்டுக்கொண்டு, மருந்துச் சீட்டையும் பில்லையும் வீட்டில் விட்டுவிடுகிறார்கள். சோதனையில் முதலில் கேட்பது அந்த இரண்டையும்தான்.

பாங்காக் பயணிகளுக்கு ஒன்று. தாய்லாந்து 2022-இல் கஞ்சாக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது அந்த நாட்டுக்குள். சென்னை விமான நிலையத்தில் அங்கே வாங்கிய கடை ரசீதுக்கு மதிப்பில்லை, அது கடத்தல் வழக்கு.

கடைசியாக, பிடிபட்ட வீட்டார் அடிக்கடி தவறவிடும் ஒன்று, என்.டி.பி.எஸ். சட்டத்தின் 64-ஏ பிரிவு. பழக்கத்துக்கு அடிமையான ஒருவர்மீது உட்கொண்டது அல்லது சிறிய அளவு பற்றிய குற்றச்சாட்டு மட்டும் இருந்து, அவர் தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த மையத்தில் போதை மீட்புச் சிகிச்சை எடுத்துக்கொண்டால், வழக்கிலிருந்து விலக்குக் கேட்கலாம். சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்த விலக்கை எடுத்துவிடவும் சட்டத்தில் இடமுண்டு.