வீடு மாறும்போது பதின்ம வயதுப் பிள்ளையிடம் நாம் விடும் தவறுகள்

வட இலங்கையின் வன்னியில் "இடம்பெயர்வு" என்ற சொல்லைக் கேட்டால் எவருக்கும் வாடகை வீடும் சாமான் ஏற்றும் பட்டா வாகனமும் நினைவுக்கு வருவதில்லை. யுத்தத்தால் 1996இல் கிளிநொச்சியை விட்டு மல்லாவிக்கும் அக்கராயனுக்கும் போனவர்களும், 2008இலும் 2009இலும் ஊர் ஊராகப் பின்வாங்கிக் கடைசியில் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் தறப்பாளுக்குக் கீழே இருந்தவர்களும்தான் இன்று இங்கே பெற்றோராக இருக்கிறோம். ஆகவே தகப்பனுக்கு வேலை மாற்றம் கிடைத்தோ, வாடகைக் காலம் முடிந்தோ ஒரு குடும்பம் ஒட்டுசுட்டானிலிருந்து வவுனியாவுக்குப் போவதை நாம் ஒரு நிகழ்வாகவே எண்ணுவதில்லை.

நாங்கள் வீடு மாறியபோது என் மகளுக்கு 14 வயது. புறப்படுவதற்கு முதல்நாள் பின்னேரம் அவள் கிணற்றுக்கட்டில் இருந்து அழுதுகொண்டிருந்தாள். "நான் உன்ர வயசில ஒரு உடுப்புப் பையோட மல்லாவிக்கு நடந்தனான். உனக்கு இப்ப என்ன குறை?" என்று கேட்டேன். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள். நான் அவளைத் தேற்றிவிட்டதாக நினைத்தேன். அதன் பிறகு ஏறத்தாழ நான்கு மாதங்கள் புதிய பாடசாலையைப் பற்றி அவள் என்னிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

அந்த ஒப்பீடு கொடுமையானது மட்டுமன்று, பிழையானதும்கூட என்பது எனக்குப் பிந்தித்தான் விளங்கியது. 1996இல் நான் தனியாகப் போகவில்லை. அயல் வீட்டார், வகுப்புத் தோழர்கள், கணிதம் படிப்பித்த ஆசிரியர் என எல்லோரும் அதே தெருவில் வந்தார்கள். எங்கள் பாடசாலையே எங்களோடு இடம்பெயர்ந்து மர நிழலிலும் கொட்டிலிலும் நடந்தது. இழந்தவை மிகப் பெரியவை என்றாலும், இழந்ததைப் பற்றிப் பேச ஊர் முழுவதும் பக்கத்தில் இருந்தது. இன்று வீடு மாறும் பிள்ளையின் பின்னால் எவரும் வருவதில்லை. அவள் விட்டுவந்த வகுப்பறை அவள் இல்லாமலே மறுநாளும் வழமைபோல் நடக்கிறது என்பதுதான் அவளுடைய துக்கம். அதை யுத்தத்தோடு நிறுத்துப் பார்க்க எந்தத் தராசும் இல்லை.

செய்தியைக் கடைசி நேரம் வரை மறைத்து வைப்பது அடுத்த தவறு. "பரீட்சை முடியட்டும், பிறகு சொல்லுவம்" என்று நல்ல எண்ணத்தோடுதான் ஒத்திப்போடுகிறோம். ஆனால் வீடு பார்க்கப் போன கதை கடைத்தெருவிலும் ரியூசன் வாசலிலும் உலவத் தொடங்கிய பின்னர், தன் வீட்டுச் செய்தியைப் பிறர் வாயால் கேட்கும் பிள்ளைக்கு இடம் மாறுவதைவிடத் தன்னை ஒரு பொருட்டாக எண்ணவில்லை என்பதே பெரிதாகத் தைக்கும். முடிவை மாற்ற இயலாது என்றால் அதை நேராகச் சொல்லிவிட்டு, எந்த அறை, எந்த ரியூசன், சைக்கிளைக் கொண்டுபோவதா விற்பதா போன்றவற்றையாவது பிள்ளையின் தீர்மானத்துக்கு விட்டுவிடலாம். எல்லாவற்றையும் முடித்துவிட்டு "உனக்கு விருப்பமோ?" என்று கேட்பதை மட்டும் தவிர்த்துவிடுங்கள், பதின்ம வயதினருக்கு அந்தக் கேள்வியின் பொய் உடனே தெரிந்துவிடும்.

மிகுதியான கவனம் தேவைப்படுவது பாடசாலை விடயத்தில்தான், அவசரப்படுவதும் அதில்தான். தரம் 10இல் பிள்ளைகள் ஆறு கட்டாயப் பாடங்களோடு மூன்று தொகுதிப் பாடங்களைத் தெரிவுசெய்து, இரண்டு ஆண்டுகள் கற்று, ஒன்பது பாடங்களுக்குச் சாதாரண தரப் பரீட்சை எழுதுகிறார்கள். முல்லைத்தீவுப் பக்கத்தில் பரதநாட்டியமும் மனைப் பொருளியலும் படித்துக்கொண்டிருந்த பிள்ளையை இடைநடுவில் வேறு பாடசாலைக்கு மாற்றும்போது, அங்கே அந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லையென்றால், ஓராண்டு கற்றதைக் கைவிட்டுச் சித்திரத்தையோ விவசாயத்தையோ தொடக்கத்திலிருந்து பிடிக்க வேண்டியிருக்கும். ஆகவே வீட்டுக்கு முற்பணம் கொடுப்பதற்கு முன்னர் புதிய பாடசாலைக்குப் போய், தொகுதிப் பாடங்கள் எவை என்று கேட்டுவிடுவது நல்லது. தரம் 11இல் பரீட்சை விண்ணப்பம் பாடசாலை ஊடாகவே போவதால், இயலுமானால் அந்த ஆண்டு பிள்ளையை நகர்த்தாமல், ஒரு மாமி வீட்டிலோ பெரியம்மா வீட்டிலோ விட்டுப் பரீட்சையை முடிக்கச் செய்வதே மேல் என்பது என் எண்ணம். பெற்றோரைப் பிரிந்திருப்பதும் ஒரு சுமைதான் என்பதால், அதையும் பிள்ளையிடமே கேட்டுத் தீர்மானிக்க வேண்டும்.

உயர்தரத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. கலைத்துறை நீங்கலாகப் பெரும்பாலான பல்கலைக்கழகக் கற்கைநெறிகளுக்கு 40 வீதமானோர் அகில இலங்கைத் தகுதி அடிப்படையிலும், 55 வீதமானோர் மாவட்ட அடிப்படையிலும், எஞ்சிய 5 வீதமானோர் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களிலிருந்தும் தெரிவாகிறார்கள். அந்தப் பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார், வவுனியா ஆகியனவும் அடங்கும். ஒருவருடைய மாவட்டம் எது என்பதை அவருடைய நிரந்தர முகவரி தீர்மானிப்பதில்லை. பரீட்சைக்கு முந்திய மூன்று ஆண்டுகள் அவர் கற்ற பாடசாலை எங்கே இருந்தது என்பதே கணக்கில் எடுக்கப்படுகிறது. "பெரிய பாடசாலை" என்ற ஒரே காரணத்துக்காகத் தரம் 12இல் வெளிமாவட்டத்துக்குப் பிள்ளையை அனுப்புபவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

விடுகைப் பத்திரம், தேர்ச்சி அறிக்கைகள், பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றைச் சாமானோடு சேர்த்துக் கட்டாமல் கைப்பையில் கொண்டுபோங்கள். மாரியில் நனைந்த காகிதத்துக்குப் பிரதி எடுக்க அலைந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 15 வயது நிறைந்த பிள்ளை அடையாள அட்டைக்குப் பழைய பாடசாலை ஊடாக விண்ணப்பித்திருந்தால், அது எந்த நிலையில் இருக்கிறது என்று அதிபரிடமும் விதானையாரிடமும் (கிராம அலுவலர்) கேட்டுக்கொண்டே புறப்பட வேண்டும்.

சாமான் கட்டும்போது பிள்ளையின் பொருள்களைப் பிள்ளையே கட்டட்டும். குடும்பப் படம் ஒன்றுகூட மிஞ்சாத வீடுகள் வன்னியில் எத்தனையோ இருக்கின்றன. அப்படியிருந்தும், பழைய கொப்பிகளையும் நண்பர்கள் எழுதிக்கொடுத்த துண்டுக் கடதாசிகளையும் "குப்பை" என்று எரிக்க நமக்கு எப்படித்தான் மனம் வருகிறதோ!

இனிப் பிள்ளைகளிடமும் சில சொல்ல வேண்டும். புதிய வகுப்பில் முதல் வாரத்திலேயே "எங்கட பள்ளிக்கூடத்தில இப்பிடி இல்லை" என்று அடிக்கடி சொல்வதைத் தவிர்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஏக்கத்தில் சொல்வது, கேட்பவருக்கு இளக்காரமாகப் படும். அதற்காக உங்கள் ஊரை மறைக்கவோ பேச்சை மாற்றவோ தேவையில்லை. இடைவேளையில் பழைய நண்பர்களின் வட்சப் குழுவையே எண்ணிக்கொண்டிருந்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் கைபேசிக்குள் புகுந்துகொண்டால், உடல் வவுனியாவிலும் மனம் புதுக்குடியிருப்பிலுமாகவே தவணை முடிந்துவிடும். அந்தக் குழுவை அடியோடு விட்டு விலகுவதும் தீர்வாகாது. இரவில் அரைமணி நேரம் போதும். நட்பு பெரும்பாலும் பேச்சால் அன்றி, சேர்ந்து செய்யும் வேலையால்தான் வருகிறது. கரப்பந்தாட்டம், கோவில் தொண்டு, இல்ல விளையாட்டுப் போட்டிக்கு இல்லம் சோடிப்பது போன்ற ஒன்றில் கையைக் கொடுத்தால், உங்களை அறிமுகப்படுத்திக்கொள்ளும் சங்கடம் பாதி குறைந்துவிடும்.

பெரியவர்கள் சொல்ல மறக்கும் ஒன்று: புதிய ஊரில் குறுக்குப் பாதை தேடாதீர்கள். ஊரோடு பிறந்த பிள்ளைக்கு எந்தக் காட்டோரத்தில் மிதிவெடி எச்சரிக்கைப் பலகை நிற்கிறது, எந்தப் பாதையில் பொழுதுபட்டால் யானை இறங்கும், எந்தக் குளக்கட்டுக்குக் கீழே ஆழம் என்பது கேட்காமலே தெரியும். உங்களுக்குத் தெரியாது. மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகையைக் கண்டால், அது பழையதாக இருந்தாலும் அப்பால் போகாதீர்கள். முதல் மாதம் உள்ளூர்ப் பிள்ளை ஒருவரோடு சேர்ந்தே போய் வாருங்கள். துணையோடு ஒரு சிநேகிதமும் கிடைக்கும்.

என் தவறுகளில் கடைசியானது, மகளின் மௌனத்தை அவள் பழகிவிட்டதற்கான அடையாளமாக எடுத்துக்கொண்டது. சாப்பாடு குறைவதும், நித்திரை குழம்புவதும், காலையில் பாடசாலை நேரத்துக்கு மட்டும் வயிற்றுவலி வருவதும், விருப்பமான விளையாட்டில்கூட நாட்டம் போவதும் சில வாரங்களுக்கு மேல் நீடித்தால் அதைச் "செல்லம்" என்று தள்ளிவிடக்கூடாது. பாடசாலையில் ஆலோசனை வழிகாட்டலுக்குப் பொறுப்பான ஆசிரியரிடம் முதலில் பேசலாம். மனநல உதவிக்கு 1926, சிறுவர் உதவிக்கு 1929 ஆகிய தொலைபேசி இலக்கங்கள் உள்ளன. வாழ விருப்பமில்லை என்ற பொருள்படப் பிள்ளை ஒரு சொல் சொன்னாலும் அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கூட்டிச்செல்ல வேண்டும்.

எங்கள் வீட்டில் பேச்சு மீண்டும் தொடங்கியது வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்குப் போன அன்றுதான். பழைய ஊருக்கு "பிறகு ஒருநாள் போவம்" என்று சொல்லிச் சொல்லி இரண்டு தடவை ஏமாற்றியிருந்தேன். அந்த வைகாசியில் நாளைக் குறித்துக் கூட்டிப்போனேன். அவள் தன் சிநேகிதிகளோடு காவடிகளுக்கு இடையில் மறைந்துவிட்டாள். திரும்பும் பேருந்தில், புதிய வகுப்பில் தனக்குப் பக்கத்தில் இருக்கும் பிள்ளையின் பெயரை முதன்முறையாகச் சொன்னாள். அடுத்த வருடம் அவளையும் பொங்கலுக்குக் கூட்டிவரலாமா என்று கேட்டாள்.