மருந்துச் சோதனையை வடிவமைக்கும் முன் மரபணுவிடம் கேட்க வேண்டியவை

மருந்து எந்தப் புரதத்தை அடக்கப்போகிறதோ, அந்தப் புரதம் பிறவியிலேயே சற்றுக் குறைவாக வேலை செய்பவர்கள் மக்களிடையே ஏற்கெனவே இருக்கிறார்கள். பெற்றோரிடமிருந்து எந்த மரபணு வடிவம் வந்து சேரும் என்பது குலுக்கல் போன்றது. ஆகவே அவர்களையும் மற்றவர்களையும் ஒப்பிட்டால், மருந்து தரும் முன்பே அதன் விளைவு எந்தத் திசையில் போகும் என்று ஊகிக்கலாம். மெண்டலிய ராண்டமைசேஷன் என்பது இதுதான். திசையை நம்பலாம், அளவை அப்படியே நம்பினால் சோதனை கவிழும்.

முதல் வேலை, சரியான மரபணு வேறுபாடுகளைத் தேர்ந்தெடுப்பது. இலக்கு மரபணுவுக்குள்ளும் அதன் இருபுறமும் 100 முதல் 500 கிலோபேஸ் (ஒரு கிலோபேஸ் என்பது ஆயிரம் டிஎன்ஏ எழுத்துகள்) தூரத்துக்குள்ளும் இருப்பவை போதும். மரபணுத்தொகுதி முழுவதிலிருந்தும் வாரிச் சேர்த்தால், மருந்துக்குச் சம்பந்தமில்லாத வழிகளின் விளைவும் கலந்துவிடும். தொடர்பே இல்லாதபோதும் இப்படியொரு முடிவு தற்செயலாக வரும் வாய்ப்பைச் சொல்லும் பி மதிப்பு பத்து கோடியில் 5-க்குக் கீழே இருக்கட்டும். வேறுபாடு புரத அளவை எவ்வளவு வலுவாக மாற்றுகிறது என்பதைச் சொல்லும் எஃப் மதிப்பு 10-ஐத் தாண்டட்டும். பிறகு கோலோக்கலைசேஷன் செய்து, புரத அளவையும் நோயையும் மாற்றுவது ஒரே வேறுபாடுதானா, அருகருகே உள்ள இரண்டா என்று பாருங்கள். பொதுக் காரணத்துக்கான நிகழ்தகவு 0.8-க்கு மேல் இருந்தால் துணிந்து மேலே போகலாம்.

இங்கே ஒரு பொறி உண்டு. அழற்சிச் செய்தியைப் பெறும் ஏற்பிப் புரதத்தை உருவாக்கும் ஐஎல்6ஆர் மரபணுவின் 358-ஆம் இடத்து மாற்றம், ரத்தத்தில் கரைந்திருக்கும் ஏற்பியின் அளவைக் கூட்டுகிறது. ஆனால் செல் மேற்பரப்பில் ஏற்பி குறைந்து, அழற்சியைக் காட்டும் சிஆர்பி அளவு இறங்குகிறது. ரத்த அளவை மட்டும் பார்ப்பவர் விளைவைத் தலைகீழாகப் படிப்பார். எனவே திசையை, புரதத்துக்கு அடுத்த கட்டத்தில் மாறும் அளவீட்டை வைத்து உறுதிசெய்யுங்கள்.

அந்த அளவீடே நோய்க்குக் காரணமா, வெறும் அடையாளமா என்பது அடுத்த கேள்வி. ‘நல்ல கொழுப்பு’ எனப்படும் எச்டிஎல்லைக் கூட்டும் எல்ஐபிஜி மரபணு மாற்றம் மாரடைப்பைக் குறைப்பதில்லை என்று 2012-ல் தெரிந்தது. எச்டிஎல்லைக் கூட்டும் டார்செட்ராபிப் மருந்தின் சோதனையோ 2006 டிசம்பரிலேயே நிறுத்தப்பட்டிருந்தது. வரிசை மாறியிருந்தால் எவ்வளவு மிச்சமாகியிருக்கும்!

இனி, பலரும் சறுக்கும் இடம்: எத்தனை பேரைச் சேர்ப்பது? பிசிஎஸ்கே9 மரபணுவில் 46எல் மாற்றம் உள்ளவர்களுக்கு ‘கெட்ட கொழுப்பு’ எனப்படும் எல்டிஎல் 15% குறைவு, இதயநோய் 47% குறைவு என்று 2006-ல் வெளியானது. 2017-ல் வெளியான ஃபோரியர் சோதனையில் அந்த மரபணு உருவாக்கும் புரதத்தை மருந்தால் அடக்கியபோது எல்டிஎல் 59% இறங்கியும், முதன்மை முடிவு (மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை) 15%தான் குறைந்தது. முரண்பாடு இல்லை. மரபணு ஆயுள் முழுவதும் வேலை செய்கிறது. சோதனையில் கண்காணிப்புக் காலத்தின் இடைநிலை அளவோ (மீடியன்) 2.2 ஆண்டு.

எல்டிஎல் லிட்டருக்கு ஒரு மில்லிமோல் குறைவதற்கு, ஆயுள் கணக்கில் அபாயம் சுமார் 54% குறைகிறது. எல்டிஎல்லைக் குறைக்கும் ஸ்டாட்டின் மருந்துகளின் சோதனைகளில் 22%. மடக்கை அளவில் இது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. 90% திறன் (உண்மையான விளைவைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு), இருபக்க 5% பிழை, சம அளவுக் குழுக்கள் என்றால், தேவையான நிகழ்வுகள் (மாரடைப்பு போன்றவை) = 42 ÷ (ஹசார்ட் விகிதத்தின் இயல் மடக்கை)². ஹசார்ட் விகிதம் என்பது மருந்துக் குழுவின் அபாயத்தை மற்றக் குழுவின் அபாயத்தால் வகுத்தால் வருவது. உதாரணமாக, மரபணு காட்டும் விகிதம் 0.50 என்று வைத்து, அதை அப்படியே போட்டால் 88 நிகழ்வுகள் போதும் என்று வரும். மடக்கையை மூன்றால் வகுத்தால் விகிதம் 0.79 ஆகி, நிகழ்வுகள் ஒன்பது மடங்காகி 787-ஐத் தொடும். வேறு நோய்க்கு இந்த மூன்றில் ஒன்று பொருந்த வேண்டியதில்லை, அங்கே 0.2 முதல் 0.5 வரை பல பெருக்கிகளை வைத்துக் கணக்கிடுங்கள். ரத்தத்தில் கொழுப்பைச் சுமக்கும் மற்றொரு துகளான லிப்போபுரோட்டீன்(ஏ) விஷயத்தில், எல்டிஎல் ஒரு மில்லிமோல் குறைவதற்கு ஈடான குறைப்பு 2018-ல் 101.5 மி.கி./டெ.லி. என்றும், 2019-ல் 65.7 என்றும் கணிக்கப்பட்டது. யாரைச் சேர்ப்பது என்ற வரம்பே இதனால் இடம் மாறும்.

பக்கவிளைவுக்கும் இதே வேறுபாடுகளைப் பயன்படுத்தலாம். ஸ்டாட்டினின் இலக்கான எச்எம்ஜிசிஆர் மரபணு மாற்றங்கள் உடல் எடையையும் நீரிழிவு அபாயத்தையும் சற்றுக் கூட்டுகின்றன. அப்படியொரு தடயம் கிடைத்தால், சில மாத ரத்தச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி அளவீட்டை முதல் நாளிலிருந்தே நெறிமுறையில் எழுதிவிடுங்கள்.

குறிப்பிட்ட மரபணு வடிவம் உள்ளவர்களை மட்டும் சேர்க்கும் யோசனை கவர்ச்சியானது, செலவும் அதிகம். வடிவத்தின் அலைவெண் 20% என்றால் இரு பிரதிகளும் உள்ளவர் 4%. 2,000 பேர் வேண்டுமானால் 50,000 பேரைப் பரிசோதிக்க வேண்டும். அலைவெண் 10% உள்ள மக்களிடம் அது 2 லட்சம். ஏற்கெனவே முடிந்த சோதனையின் தரவைத் தோண்டி எடுத்த வடிவம் என்றால் இன்னும் எச்சரிக்கை தேவை: ஏடிசிஒய்9 வடிவத்தை வைத்து 6,147 பேரிடம் நடந்த, டால்செட்ராபிப் மருந்தின் டால்-ஜீன் சோதனை, முதன்மை இலக்கை எட்டவில்லை.

பெரும்பாலான மரபணு ஆய்வுகள் நோய் முதன்முறை வருவதைப் பற்றியவை. உங்கள் சோதனை மாரடைப்பிலிருந்து மீண்டவர்களிடம் என்றால், இரண்டாவது தாக்குதல் பற்றிய தரவைத் தனியாகத் தேடுங்கள். நோயாளிகளை மட்டும் ஒப்பிடும்போது, மரபணு அபாயம் குறைவாக இருந்தும் நோய் வந்தவர்களிடம் மற்றக் காரணங்கள் கூடுதலாக இருக்கும். அது முடிவைத் திரிக்கும்.

டிஎன்ஏ மாதிரியை, குழு பிரிப்பதற்கு முன்பே, தனி ஒப்புதலுடன் எல்லோரிடமும் எடுத்துவிடுங்கள். இறுதியில் எடுக்கலாம் என்று தள்ளினால், இடையில் இறந்தவர்களும் விலகியவர்களும் கணக்கில் வரமாட்டார்கள்.