டயலைத் திருகும் முன்: அட்ஜஸ்டபிள் ரேசரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒற்றை பிளேடு மாட்டும் உலோக ரேசரான அட்ஜஸ்டபிள் சேஃப்டி ரேசரை வாங்கும் பலர், அதன் கழுத்தில் இருக்கும் டயலை ஃபேன் ரெகுலேட்டர் மாதிரி நினைத்துக்கொள்கிறார்கள். எண் ஏற ஏற ஷேவ் மழமழவென்று வரும் என்று நம்பி முதல் வாரமே 5, 6 என்று வைத்துவிடுகிறார்கள். கழுத்து சிவந்து எரிந்ததும் பயந்து 1க்கு இறக்குகிறார்கள். 1ல் இரண்டு நாள் தாடி சரியாக எடுபடாது. அதனால் ஒரே இடத்தில் நாலு தடவை அழுத்தி இழுப்பார்கள், அப்போதும் எரியும். ஒரு மாதத்தில் ரேசர் அலமாரிக்குள் போய்விடும், தலையை மட்டும் கழற்றி மாற்றும் பழைய கார்ட்ரிட்ஜ் ரேசர் திரும்பி வந்துவிடும். சென்னையில் எனக்குத் தெரிந்த நாலைந்து பேர் இப்படித்தான் நல்ல ரேசரைக் கைவிட்டார்கள். அவர்கள் யாருடைய ரேசரிலும் கோளாறு இல்லை.

டயல் செய்யும் வேலை ஒன்றுதான். பிளேடின் கூர்முனைக்கும், அதற்குக் கீழே தோலைத் தடவிக்கொண்டு ஓடும் பட்டைக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை அது கூட்டும், குறைக்கும். இடைவெளி கூடும்போது பிளேடு முகத்தில் படுவதும் கூடும். அதனால் நீளமான, தடித்த முடி அடைத்துக்கொள்ளாமல் வெட்டுப்படும். சின்ன எண்ணில் பிளேடு கொஞ்சமாகத்தான் படும் என்பதால் குட்டையான முடிக்கும், மென்மையான தோலுக்கும் அது போதும். மழமழப்பு வருவது இந்த எண்ணால் அல்ல. எந்தக் கோணத்தில் பிடிக்கிறோம், எந்தத் திசையில் இழுக்கிறோம், எத்தனை சுற்று போகிறோம் என்பதுதான் அதை முடிவு செய்கிறது. கை பழகியவர் 2லேயே கன்னத்தைக் கண்ணாடியாக்கிவிடுவார்.

இன்னொருவர் சொன்ன எண்ணை அப்படியே வைத்துக்கொள்வதும் தவறு. ஜில்லெட் 1958 முதல் 1961 வரை செய்த ‘ஃபேட்பாய்’ ரேசரில் 1 முதல் 9 வரை இருக்கும், அதற்குப் பின் வந்த ‘ஸ்லிம்’மிலும் அப்படியே. ஜெர்மனியின் மெர்க்கூர் ‘புரோகிரஸ்’ 5 வரை, ‘ஃபியூச்சர்’ 6 வரை. ஒன்றின் 3 இன்னொன்றின் 3 ஆகாது. ஃபியூச்சரில் சின்ன எண்களே நன்றாகக் கடிக்கும். “மச்சி, நான் 4லதான் வெச்சிருக்கேன், சூப்பரா இருக்கு” என்று நண்பர் சொன்னால், எந்த ரேசர், எந்த பிளேடு, எத்தனை நாள் தாடி என்று கேளுங்கள். இந்த மூன்றும் தெரியாமல் அந்த 4 உங்களுக்கு உதவாது.

தண்ணீரை மறந்துவிடுவது

நம் ஊரில் நான் முதலில் சந்தேகப்படுவது தண்ணீரைத்தான். புழலிலிருந்தும் செம்பரம்பாக்கத்திலிருந்தும் வரும் மெட்ரோ வாட்டர் கிடைக்கும் வீட்டில் பெரிதாகப் பிரச்சினை இருக்காது. போர் தண்ணீரை நம்பியிருக்கும் அபார்ட்மென்ட்டில், லாரித் தண்ணீர் வாங்கி சம்ப்பில் கலக்கும் இடத்தில் நிலைமை வேறு. பாத்ரூம் பைப்பில் வெள்ளையாக உப்புப் படிகிறதா, பக்கெட்டின் விளிம்பு சொரசொரவென்று இருக்கிறதா? அப்படியானால் உங்கள் முகத்தில் நிற்பது முழுமையான நுரை இல்லை. கடின நீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத கசடாக மாறிவிடும். நுரைக்கு வேண்டிய சோப்பில் ஒரு பகுதி அங்கேயே வீணாகிப்போகும். மிச்சம் இருப்பது பெரிய பெரிய குமிழாக எழும்பும், பார்க்க நிறைய இருப்பது போலத் தோன்றும், ஒரு நிமிடத்தில் சுருங்கிவிடும். அதன்மேல் பிளேடு ஓடும்போது வழுக்கல் இருக்காது, தோலை இழுக்கும்.

ஒருநாள் காலையில் இதைச் செய்து பாருங்கள். இரண்டு கிண்ணத்தில் ஒரே அளவு ஷேவிங் கிரீம் எடுத்து, ஒன்றில் குழாய்த் தண்ணீர், மற்றதில் கேன் தண்ணீர் அல்லது ஆர்.ஓ. தண்ணீர் விட்டு, பிரஷால் ஒரே நேரம் சுற்றுங்கள். உப்புத் தண்ணீர்க் கிண்ணத்தில் நுரை மங்கலாக, திப்பித்திப்பியாக இருக்கும். விரலில் எடுத்துத் தேய்த்தால் வறண்டுபோகும். மற்றதில் குமிழே கண்ணுக்குத் தெரியாது. பளபளப்பாக இருக்கும், பிரஷைத் தூக்கினால் நுனி வளைந்து நிற்கும், விரலுக்கு நடுவே வழுக்கும். ஷேவுக்கு வேண்டியது இந்த வழுக்கல்தான். ஒரு டம்ளர் நல்ல தண்ணீர் முழு ஷேவுக்கும் போதும். முகம் கழுவுவதற்கும் ரேசரை அலசுவதற்கும் குழாய்த் தண்ணீரே இருக்கட்டும்.

வேளச்சேரியில் இருக்கும் நண்பர் ஒருவர் மூன்று பிராண்டு பிளேடு மாற்றிப் பார்த்தார், டயலில் எல்லா எண்ணையும் சுற்றிப் பார்த்தார். நுரைக்கு மட்டும் கேன் தண்ணீருக்கு மாறியதும் எரிச்சல் நின்றது. பிளேடும் அதுதான், எண்ணும் அதுதான்.

இதோடு சேர்ந்த சின்னத் தவறு ஒன்று: ஹாலில் ஃபேனுக்குக் கீழே கண்ணாடியை மாட்டி ஷேவ் செய்வது. மே மாதத்தில் பாத்ரூமில் நிற்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் வலது கன்னம் முடிப்பதற்குள் இடது கன்னத்தில் நுரை காய்ந்து மாவாகிவிடும். ஃபேனை நிறுத்துங்கள், இல்லையென்றால் பாதிப் பாதியாக நுரை போடுங்கள். வெந்நீர் பற்றிக் கவலைப்படவே வேண்டாம், கோடையில் மொட்டைமாடி டேங்க்கிலிருந்து வருவதே போதுமான சூடு. குளித்த உடனே ஷேவ் செய்வது நல்லது, முடி ஊறி மென்மையாகியிருக்கும். நுரைக்கு முன் தேங்காய் எண்ணெயைக் கை நிறைய அப்புகிறவர்கள் அதை விட்டுவிடலாம். எண்ணெய் நுரையை அமுக்கிவிடும்.

கார்ட்ரிட்ஜ் கையோடு வருவது

கார்ட்ரிட்ஜின் தலை முகத்துக்கு ஏற்றபடி தானே மடங்கும். அதனால் நாம் அழுத்திப் பழகிவிட்டோம். சேஃப்டி ரேசரின் தலை மடங்காது, கோணத்தைக் கைதான் பார்த்துக்கொள்ள வேண்டும். ரேசரின் மேல்மூடியைக் கன்னத்தில் வைத்துக் கைப்பிடியைத் தரைக்கு நேராக நீட்டிப் பிடியுங்கள். இந்த நிலையில் பிளேடு தோலில் படாது. அப்படியே கைப்பிடியை மெல்லக் கீழே இறக்குங்கள். ஓரிடத்தில் முடி அறுபடும் சரசரப்பு காதில் கேட்கும். தோலுக்கும் பிளேடுக்கும் நடுவே ஏறக்குறைய 30 டிகிரி இருக்கும் இடம் அது. அங்கே நிறுத்தி, ஒரு அங்குலம், ஒன்றரை அங்குலம் எனச் சின்னச் சின்னதாக இழுங்கள். கைப்பிடியின் அடிப்பக்கத்தை மூன்று விரலால் லேசாகப் பிடித்தால் அழுத்தவே வராது. இந்த ரேசர்கள் கனமானவை, அந்தக் கனமே போதும்.

சரசரப்பு நின்றுவிட்டால் கோணம் தவறிவிட்டது, இல்லையென்றால் அங்கே முடி தீர்ந்துவிட்டது. இரண்டில் எதுவானாலும் அழுத்துவதில் பயன் இல்லை.

சலூனில் உட்காரும்போது அண்ணனின் இடது கையைக் கவனியுங்கள். கத்தி பிடித்த கையைவிட அந்தக் கைதான் அதிகம் உழைக்கும். காதருகே தோலை மேலே இழுத்துப் பிடிப்பார், தாடை முனையில் பக்கவாட்டில் இழுப்பார், கழுத்தில் நம் தலையைச் சாய்க்க வைப்பார். மடிப்பு விழுந்த தோலில் எந்த எண்ணும் உதவாது என்பது அவருக்குத் தெரியும். வீட்டில் பெரும்பாலோர் இடது கையைச் சும்மா தொங்கப்போட்டுக்கொண்டு ஷேவ் செய்கிறார்கள்.

முடியின் போக்கைப் பார்க்காமல் இழுப்பது

இரண்டு நாள் தாடியில் விரலை ஓட்டிப் பாருங்கள். கன்னத்தில் முடி பெரும்பாலும் கீழ்நோக்கி வளரும். கழுத்தில் பலருக்கு மேல்நோக்கி, அல்லது குறுக்காக, சிலருக்குச் சுழியாகவே வளரும். கழுத்தில் மேலிருந்து கீழே இழுத்தால் அது போக்கோடு போவதாக நினைப்போம், உண்மையில் எதிர்த்துப் போய்க்கொண்டிருப்போம். முதல் சுற்று போக்கோடு, மறுபடி நுரை போட்டு இரண்டாவது சுற்று குறுக்காக. அலுவலகத்துக்கு இது தாராளம். எதிர்த்து இழுக்கும் மூன்றாவது சுற்று எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளாது. சுருட்டை முடிக்காரர்களுக்கு, எதிர்த்து வெட்டிய முடி தோலுக்குள்ளேயே வளைந்து வளர்ந்து கட்டி கட்டியாக எழும்பும். கட்டி அடிக்கடி வந்தால் தோல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

நம் ஊரில் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். ஷேவ் செய்த அரை மணி நேரத்தில் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு கிண்டி பக்கம் சிக்னலில் நிற்கிறோம். வியர்வையும் ஹெல்மெட் வாரும் சேர்ந்து கழுத்தின் பச்சைத் தோலை அரைக்கும். பைக்கில் போகிறவர்கள் வார நாளில் கழுத்துக்கு மட்டும் போக்கோடு ஒரு சுற்றோடு நிறுத்திக்கொண்டால் பாதி எரிச்சல் வராது.

பிளேடும் டயலும்

இவ்வளவும் சரியான பிறகுதான் டயலுக்கு வர வேண்டும். 2ல் தொடங்குங்கள். ஒரே பிளேடு, ஒரே கிரீம், ஒரே எண் என்று ஒரு வாரம் போகட்டும். பிளேடையும் எண்ணையும் ஒன்றாக மாற்றினால் எதனால் எரிந்தது, எதனால் சரியானது என்று எப்போதும் தெரியாது. ஃபெதர் போன்ற மிகக் கூரான பிளேடு என்றால் எண்ணை இறக்கி வையுங்கள். செவன் ஓ கிளாக் நம் கடைகளில் சுலபமாகக் கிடைக்கும், தொடங்குபவருக்கு நல்ல பிளேடு.

கை பழகியதும் டயலின் உண்மையான அருமை தெரியும். திங்கட்கிழமை காலை இரண்டு மூன்று நாள் தாடி இருக்கும்போது முதல் சுற்றுக்கு 4 அல்லது 5, முடி குட்டையானதும் இரண்டாவது சுற்றுக்கு 2. கன்னத்துக்கு ஓர் எண், கழுத்துக்கு அதைவிடக் குறைவு. ஷேவ் நடுவிலேயே மாற்றலாம், அதற்காகத்தானே அட்ஜஸ்டபிள் வாங்கினோம்.

பிளேடு மாட்டும்போது அவசரம் வேண்டாம். பிளேடைக் குட்டையான இரு முனைகளில் பிடியுங்கள். மூடியதும் வெளிச்சத்தில் காட்டி இரண்டு பக்கமும் இடைவெளி சமமாக இருக்கிறதா பாருங்கள். ஒரு பக்கம் கூடுதலாக இருந்தால் அந்தப் பக்கம் கண்டிப்பாக வெட்டும். புரோகிரஸில் மூடியிலும் கீழேயும் இருக்கும் குறிகள் நேராக வர வேண்டும். ஃபியூச்சரின் மூடியைப் பிடுங்கித்தான் எடுக்க வேண்டும், ஈரக்கையோடு செய்யாதீர்கள், விரல் போய்விடும். பழைய ஜில்லெட்டில் எண்ணை மாற்றும் முன் அடித் திருகைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளுங்கள், உள்ளே இருப்பது அறுபது வருஷத்து இயந்திரம்.

உப்புத் தண்ணீரும் சென்னைக் காற்றின் ஈரமும் ரேசரைத் தின்னும். ஷேவ் முடிந்ததும் மிச்சமிருக்கும் நல்ல தண்ணீரில் தலையை ஒரு முறை முக்கி எடுத்து, உதறி, பாத்ரூமுக்கு வெளியே வையுங்கள். டயல் இறுகினால் இடுக்கி போடாதீர்கள். இளஞ்சூட்டுத் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு விட்டு ஊறவைத்து, பழைய டூத்பிரஷால் தேய்த்தால் பெரும்பாலும் இளகிவிடும். படிகாரம் தடவிய கையோடு ரேசரைத் தொட்டால் உடனே கழுவுங்கள், அது உலோகத்தை அரிக்கும்.

படிகாரத்தை முகத்துக்குக் கட்டாயம் பயன்படுத்துங்கள், நாட்டு மருந்துக் கடையில் மலிவு. ஈர முகத்தில் ஒரு தடவை ஓட்டினால் எங்கே சுள்ளென்று பிடிக்கிறதோ அங்கே அன்று அழுத்தியிருக்கிறீர்கள். மறுநாள் அந்த இடத்தில் கையைத் தளர்த்துங்கள்.

பிளேடை நாலைந்து ஷேவுக்கு மேல் ஓட்ட வேண்டாம். இழுப்பது தெரிந்தால் அதற்கு முன்பே மாற்றிவிடுங்கள். கழற்றிய பிளேடை மட்டும் தயவுசெய்து குப்பைக் கவரில் போடாதீர்கள். காலையில் வண்டியோடு வரும் தூய்மைப் பணியாளர் அந்தக் கவரைக் கையால்தான் பிரிக்கிறார். காலியான தகர டப்பா ஒன்றின் மூடியில் கத்தியால் சின்னக் கீறல் போட்டு, அதில் சேர்த்து வாருங்கள். வருஷக்கணக்கில் தாங்கும். நிறைந்ததும் வாயை டேப் போட்டு ஒட்டி, மேலே ‘பிளேடு’ என்று பெரிதாக எழுதி, தனியாக அவர் கையில் சொல்லிக் கொடுங்கள்.