சைக்கிள் பிறீவீல் மாற்றுதல்

ஒட்டுசுட்டானில் செம்மண் தூசியும் மார்கழி வெள்ளமும் பிறீவீலை, அதாவது பின் சில்லில் செயின் ஓடும் பல்சக்கரத்தை, தின்றுவிடுகின்றன. மகள் பள்ளிக்கூடம் போகும் சைக்கிளில் மிதி வெறுமனே சுழலத் தொடங்கியதும் நானே மாற்றினேன்.

உளியும் சுத்தியலும் வேண்டாம். அப்படி அடித்துத்தான் என் பழைய ஹப், அதாவது சில்லின் நடுப்பகுதி, உடைந்தது. பிறீவீலைக் கழற்றுவதற்கென்றே உள்ள, இரண்டு பல் கொண்ட ‘கழற்றி’ என்ற கருவியை வாங்குங்கள். அதன் பற்கள் பிறீவீலின் பள்ளத்தில் அசையாமல் உட்கார வேண்டும். அச்சு நட்டால் கழற்றியை இலேசாக இறுக்கிப் பிடிக்க வையுங்கள். இல்லையேல் நழுவிப் பள்ளத்தைச் சிதைக்கும். முதல் நாள் இரவே, பிறீவீல் ஹப்பில் ஏறியிருக்கும் புரியில் எண்ணெய் விடுங்கள். மறுநாள் கழற்றியை வைஸில் கவ்வி, சில்லை மேலிருந்து பார்க்க இடப்பக்கமாகத் திருப்புங்கள். இரண்டு கைகளாலும் றிம்மைப் பிடித்தால் பலம் போதும். இளகியவுடன் நட்டைத் தளர்த்திவிட்டே மேலும் திருப்ப வேண்டும்.

புரியைத் துடைத்துக் கிறீஸ் பூசி, புதியதைக் கையால் மட்டும் ஏற்றுங்கள். சாய்ந்து ஏறினால் உடனே கழற்றுங்கள்; அலுமினிய ஹப்பின் புரி ஒருமுறை போனால் போனதுதான். கடைசி இறுக்கத்தை மிதியே கொடுத்துவிடும்.

நீண்டுபோன செயினையும் சேர்த்தே மாற்றுங்கள். பழைய செயின் புதுப் பல்லில் வழுக்கும்.