ஹேமர் கோரல் சுருங்கிவிட்டதா?

கடல்நீர்த் தொட்டியில் வளர்க்கும் ஹேமர் கோரல் (சுத்தியல் வடிவ நுனிகள் கொண்ட பவளம்) திடீரென்று சதையை உள்ளிழுத்துக்கொண்டால் உடனே மருந்து தேடி ஓட வேண்டாம். முதலில் தண்ணீரில் உப்பின் அளவு: ஒப்படர்த்தி (specific gravity) 1.025 அல்லது 1.026 இருக்க வேண்டும். அப்புறம் ஆல்கலினிட்டி, அதாவது அமிலத்தை ஈடுகட்டும் தண்ணீரின் திறன். கோளாறு பெரும்பாலும் இங்கேதான். 8 முதல் 9 டிகேஹெச் (dKH, ஆல்கலினிட்டியை அளக்கும் அலகு) போதும். குறைந்திருந்தால் நாளுக்கு 1 டிகேஹெச்சுக்கு மேல் ஏற்றாதீர்கள். திடீர் ஏற்றம் இன்னும் கெடுதல். எண்கள் சரி என்றால் தொட்டியில் நீரோட்டம் தரும் பம்ப்பைக் கவனியுங்கள். தண்ணீர் நேராக அடித்தால் சதை எலும்புக்கூட்டின் கூரான விளிம்பில் உரசிக் கிழியும். விளக்கின் மேல் பழிபோடுவதெல்லாம் கடைசியில்தான்.

கிளை நுனியில் பழுப்பாக, கொழகொழவென்று ஏதாவது தொங்குகிறதா? அதுதான் அவசரம். பம்ப்பை நிறுத்தி, சிரிஞ்சால் அதை உறிஞ்சியெடுத்து, அந்தக் கிளையைப் பிரித்து வெளியே எடுத்துவிடுங்கள். விட்டால் பக்கத்துக் கிளைகளுக்கும் பரவும்.