வீவக வீட்டில் எலெக்ட்ரிக் கிட்டாரைப் பதிவு செய்வது எப்படி?

வீவக (சிங்கப்பூரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடியில் ஆம்ப்பை உரக்க வைத்து, அதன்முன் மைக் நிறுத்திப் பதிவு செய்வது அண்டைவீட்டாரின் பொறுமையைச் சோதிக்கும் காரியம் என்பதால், கிட்டாரை நேராக மல்டிடிராக் ரெக்கார்டரில் (பல டிராக்குகளைத் தனித்தனியே பதியும் கருவி) செருகும் முறையையே இங்கு விளக்குகிறேன். பிறகு எந்த எஃபெக்ட் சேர்த்தாலும், உள்ளே நுழையும் சிக்னல் சரியாக இருந்தால்தான் அது எடுபடும்.

ரெக்கார்டரின் உள்ளீடுகளில் பெரும்பாலும் ஒன்றில் மட்டும் ‘ஹை-இஸட்’ (உயர் மின்மறுப்பு) அல்லது ‘கிட்டார்’ என்ற சுவிட்ச் இருக்கும். கேபிளை அதில் செருகி, சுவிட்சையும் போட்டுவிடுங்கள். பேட்டரி இல்லாத சாதாரண பிக்கப்புக்கு (தந்தியின் அதிர்வை மின்சிக்னலாக மாற்றும் பாகம்) ஏறத்தாழ 1 மெகாஓம் மின்மறுப்புள்ள உள்ளீடு தேவை. 10 கிலோஓம் அளவிலான லைன் உள்ளீட்டில் செருகினாலும் ஒலி வரும், ஆனால் தெளிவு மழுங்கிப் போர்வைக்குள்ளிருந்து வாசிப்பதுபோல் கேட்கும். நீளமான கேபிளும் டிரெபிளைக் குறைக்கும். பெனின்சுலா ஷாப்பிங் சென்டரின் கிட்டார் கடைகளில் புதிய கேபிள் வாங்குவதானால் 3 மீட்டர் போதும்.

அடுத்தது இரைச்சல். சிங்கப்பூரில் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஒற்றைக் கம்பிச்சுருள் கொண்ட சிங்கிள்-காயில் பிக்கப் அந்த மின்சாரத்தின் ரீங்காரத்தைச் சுற்றிலும் உள்ள மின்கருவிகளிடமிருந்து வாங்கிக்கொள்ளும். எதையும் வாசிக்காமல், ஹெட்போனை மாட்டிக்கொண்டு, நாற்காலியோடு மெல்லத் திரும்பிப் பாருங்கள். ஏதோ ஒரு கோணத்தில் ரீங்காரம் சட்டெனத் தணியும். நாற்காலிக் கால்கள் இருக்கும் இடத்தில் தரையில் டேப் ஒட்டிவிட்டு, எல்லா டேக்குகளையும் (ஒவ்வொரு முறை வாசித்துப் பதிவதும் ஒரு டேக்) அதே திசையில் அமர்ந்து வாசியுங்கள். டிம்மர் விளக்கையும் மடிக்கணினிச் சார்ஜரையும் அணைத்துவிடுவது நல்லது. நேரடிப் பதிவில் மைக் இல்லாததால் ஏர்கானின் சத்தம் டிராக்கில் ஏறாது. அதைத் தாராளமாக ஓடவிடலாம். ஆனால் அறை குளிரும்போது சுருதி நகரும் என்பதால், அரை மணி நேரம் கழித்தே டியூன் செய்யுங்கள்.

லெவல் வைக்கும்போது பலரும் மென்மையாக மீட்டிப் பார்த்து கெயினை ஏற்றிவிடுகிறார்கள். பல்லவியில் கை வேகமெடுத்ததும் சிக்னல் அளவை மீறியதைக் காட்டும் கிளிப் விளக்கு எரிகிறது. பாடலிலேயே மிக வலுவான பகுதியை, உண்மையில் வாசிக்கப்போகும் அதே அழுத்தத்தோடு வாசித்து, உச்சம் மைனஸ் 12 முதல் மைனஸ் 6 டெசிபெலுக்குள் நிற்குமாறு கெயினை வையுங்கள். 24 பிட் பதிவில் லெவல் சற்றுக் குறைவதால் நட்டமில்லை. 0-வைத் தாண்டி வெட்டுப்பட்ட ஒலியை மீட்பதுதான் கடினம்.

எஃபெக்டை ஹெட்போனில் மட்டும் கேட்டுக்கொண்டு, டிராக்கில் வெறும் கிட்டாரைப் பதியும் வசதி உங்கள் கருவியில் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். டிஸ்டார்ஷன் காதில் விழுந்தால்தான் கை அதற்கேற்ப வாசிக்கும். அளவைப் பின்னர் மாற்றும் உரிமையும் கையில் இருக்கும். ரிவெர்பும் டிலேயும் மிக்ஸிங்கில் சேர்த்தால் போதும்.

ரிதம் கிட்டார் அகலமாக ஒலிக்க வேண்டுமானால், அதே பகுதியை மெட்ரோனோமோடு இருமுறை வாசித்து, ஒன்றை முழுக்க இடப்பக்கமும் மற்றொன்றை வலப்பக்கமும் வையுங்கள். ஒரே டேக்கை நகலெடுத்து இருபுறம் வைத்தால் அது நடுவிலிருந்தே கேட்கும். இரண்டு வாசிப்புக்கும் இடையிலுள்ள நுண்ணிய வேறுபாடுகளே அந்த அகலத்தைத் தருகின்றன. இரண்டிலும் டிஸ்டார்ஷனை வழக்கத்தைவிடக் குறைத்தால் கார்டுகள் (ஒன்றாக ஒலிக்கும் சுரங்கள்) தெளிவாகப் பிரியும்.

ஓரிடத்தில் தவறினால் முழு டேக்கையும் அழிக்க வேண்டியதில்லை. இரண்டு பார் (தாளச் சுற்று) முன்னதாகவே உடன் வாசிக்கத் தொடங்கி, முந்தைய சுரம் அடங்கும் இடைவெளியில் பஞ்ச்-இன் (தவறிய பகுதியை மட்டும் மறுபடி பதிவது) செய்யுங்கள். ஒலித்துக்கொண்டிருக்கும் கார்டின் நடுவே வெட்டினால் ஒட்டு காதுக்குத் தெரிந்துவிடும்.